புளோரன்ஸ் நைற்றிங்கேல்: விளக்கும் கணக்கேடும்

நாங்கள் ஆறாம் வகுப்பில் படித்த காலத்தில் கல்லூரிக் கலைவிழாவுக்கு எங்கள் வகுப்பு ஒரு சிறு நாடகம் போட்டது. அம்மாவின் வெள்ளைச் சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையில் அரிக்கன் லாம்புடன் நான் மேடையில் நடந்து வர, தோழியர் பன்னிருவர் காயப்பட்ட சிப்பாய்களாகப் பாயில் கிடந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, நெற்றியில் கை வைத்துவிட்டு அப்பால் போவதுதான் என் வேலை. வசனம் ஒன்றும் இல்லை. மின்சாரம் இல்லாத காலம் அது. மண்ணெண்ணெய் விற்ற விலையில், ஒத்திகைகளில் லாம்பைக் கொளுத்த ரீச்சர் விடவில்லை. விழாவன்று மட்டுமே அது எரிந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. கைவிளக்கு ஏந்திய காரிகையைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்: இரவில் விளக்குடன் நடந்தவர், இரக்கம் உள்ளவர்.

வைத்தியராகிப் பல ஆண்டுகளுக்குப் பின், தாதியர் தினமொன்றில் தாதிய மாணவிகளுக்குப் பேசும்படி கேட்டார்கள். தாதியத் தொழிலில் தன்னைத் தானே வழிநடத்துதல் என்பது தந்த தலைப்பு. மே 12ஆந் திகதி தாதியர் தினமாவது நைற்றிங்கேல் அம்மையாரின் பிறந்த நாள் என்பதால் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று அவருடைய வரலாற்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். மேடையில் நான் நடித்த பெண்ணை அதில் காண்பது சிரமமாக இருந்தது. அவரைவிடக் கடினமான, அவரைவிடப் பெரிய ஒருவரைக் கண்டேன்.

அவர் 1820இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்கும் வைக்கப்பட்டது. பெரும் செல்வக் குடும்பம். இங்கிலாந்தில் இரண்டு மாளிகைகள். கோடைக்கு ஒன்று, மற்றக் காலத்துக்கு ஒன்று. தந்தையார் தம் இரு பெண்பிள்ளைகளுக்கும் கிரேக்கம், இலத்தீன், ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், வரலாறு, தத்துவம் எல்லாம் தாமே கற்பித்தார். கணிதம் படிக்க வேண்டும் என்று மகள் கேட்டபோது மட்டும் வீட்டில் தயங்கினார்கள். பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்ற கேள்வி அங்கும் இருந்திருக்கிறது.

பதினாறு வயதில், 1837 பெப்ரவரியில், இறைவன் தம்மைப் பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். எந்தப் பணி என்பது தெளிவாகவே பல ஆண்டுகள் சென்றன. 1845இல், அயலிலுள்ள சோல்ஸ்பரி வைத்தியசாலையில் சில மாதங்கள் தங்கித் தாதி வேலை பழக அனுமதி கேட்டார். வீடே அதிர்ந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் வைத்தியசாலைத் தாதி என்றால் படிப்பறிவில்லாதவள், குடிப்பவள், ஒழுக்கம் கெட்டவள் என்ற பேச்சு. தாயார் அழுதார், தமக்கையார் மயங்கி விழும் நிலைக்கு வந்தார், அனுமதி கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். எங்களிற் பலருக்கும் இது தெரிந்த கதைதான். உயர்தரப் பெறுபேறு வந்ததும் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைகளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். வீட்டை விட்டு ஓடவுமில்லை, எண்ணத்தைக் கைவிடவுமில்லை. விடியுமுன் எழுந்து, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்தியசாலைகள் பற்றியும் பொதுச் சுகாதாரம் பற்றியும் அரசாங்கம் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்தார். குறிப்பேடுகளை நிரப்பினார். காலைச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏடுகளை மூடிவிட்டு, வீட்டுப் பெண்ணாகக் கீழே இறங்கிப் போய்த் துணிமணிக் கணக்கும் ஊறுகாய்க் கணக்கும் பார்த்தார். இப்படி ஆண்டுக்கணக்கில். ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, யாரும் பார்க்கவுமில்லை. அரிக்கன் லாம்பில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதாலோ என்னவோ, ஸ்குற்றாரியில் அவர் ஏந்திய விளக்கைவிட இந்த விளக்கையே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்பது ஆண்டுகளாக அவரை மணக்கக் காத்திருந்த ரிச்சர்ட் மொங்ரன் மில்ன்ஸ் என்பவரை 1849இல் மறுத்துவிட்டார். அவர்மீது விருப்பம் இல்லாமல் அல்ல. விருந்தும் வீடுமாகப் போகும் வாழ்க்கை தமக்குப் போதாது என்று தெரிந்ததால். 1851இல்தான், முப்பத்தொரு வயதில், ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் இருந்த புரட்டஸ்தாந்துத் தொண்டுச் சகோதரிகளின் நிலையத்தில் மூன்று மாதங்கள் பயிற்சி பெற வாய்த்தது. 1853இல் இலண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற நடுத்தரக் குடும்பப் பெண்களுக்கான ஒரு சிறு வைத்தியசாலைக்குப் பொறுப்பாளரானார். அங்கே அவர் முதலில் கேட்டவை மாடிக்கு மாடி சுடுநீர்க் குழாய், சாப்பாட்டைத் தூக்கிவரும் ஒரு சிறு லிஃப்ற், எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணி. தாதியின் கால்கள் படிக்கட்டில் ஓடி ஓடித் தேயக்கூடாது, அவர் நோயாளியின் அருகில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் விடுதிகளில் ஒரு கையுறைப் பெட்டிக்காகத் தாதியர் நடக்கும் தூரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மணி எனக்கு நினைவுக்கு வரும்.

பிறகு கிரைமியப் போர். ரஷ்யாவுக்கு எதிராகப் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியும் சேர்ந்து நடத்திய போர். காயப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதை இலண்டன் ரைம்ஸ் பத்திரிகை எழுத, நாடு கொதித்தது. போர்த்துறைச் செயலாளராயிருந்த சிட்னி ஹேர்பேட் அவருக்குப் பழைய நண்பர். அழைப்பு வந்தது. 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4ஆந் திகதி இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குற்றாரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கு வைத்தியசாலையாக்கப்பட்டிருந்தது ஒரு மாபெரும் படைமுகாம்.

இராணுவ வைத்தியர்கள் அவர்களை விடுதிக்குள் அனுமதிக்கவில்லை. வைத்தியர் என்ற முறையில் இதை வாசிக்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. வைத்தியர்கள் கேட்கும்வரை எந்தத் தாதியும் எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று தம்முடன் வந்தவர்களுக்கே கட்டளையிட்டுவிட்டு, கட்டுத்துணியும் தலையணையும் தைக்க வைத்தார். சமையலறையைக் கையிலெடுத்தார். கண்ணெதிரே ஆட்கள் சாக, சும்மா இருந்து தைப்பது தாதியருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சிலர் அவரை வெறுத்தார்கள். சில நாட்களில் இன்கர்மன் போரின் காயக்காரர் கப்பல் கப்பலாக வந்திறங்க, வைத்தியர்களே ஆள் அனுப்பி அழைத்தார்கள். அதன் பிறகு அவருடைய சொல்லை மீறி அங்கே அதிகம் நடக்கவில்லை.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படங்களில் அவர் கையில் காணும் சிறு மண்விளக்குப் போன்ற ஒன்றை அவர் ஏந்தியதே இல்லை. அவரிடம் இருந்தது துருக்கியில் விற்கும் மடிப்பு லாந்தர். உள்ளே மெழுகுதிரி, சுற்றிவர மடித்து விரிக்கும் கூடு. நம்மூர் வெசாக் கூட்டைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தாதியர் சத்தியப்பிரமாணம் என்று அவர் பெயரால் வழங்குவதும் அவர் எழுதியதல்ல. 1893இல் அமெரிக்காவில், அவர் நினைவாக எழுதப்பட்டது.

இனி அந்தக் குளிர்காலம். அவர் அங்கே இருக்கும்போதே, அவர் இரவும் பகலும் உழைக்கும்போதே, சாவு ஏறிக்கொண்டு போயிற்று. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காயத்தால் அல்ல. வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சல். மார்ச்சில் இலண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணைக்குழு வந்து கட்டடத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தது. கழிவுவாய்க்கால்கள் அடைத்து, முழுக்கட்டடமும் மலக்குழியின் மேல் நின்றது. குடிநீர் வரும் வாய்க்காலில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. அடைப்பு எடுத்தார்கள், வெள்ளையடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். யூன் மாதமளவில் சாவு நூற்றுக்கு 2ஆக இறங்கிவிட்டது.

அந்த வேளையில் அம்மையார் இதை முழுமையாக விளங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதே உண்மை. பட்டினியும் குளிரும் தாமதமும்தான் கொன்றன, சிப்பாய்களைச் சாகும் நிலையில் அனுப்புகிறார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். போர் முடிந்து 1856 ஓகஸ்றில் நாடு திரும்பியபோது அவர் நாட்டின் தெய்வம். வரவேற்புக்கு வாத்தியக் குழுக்கள் காத்திருந்தன. அவரோ மிஸ் சிமித் என்று பெயரை மாற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார். அங்கேயே நின்றிருந்தாலும் எங்கள் கலைவிழாவில் அவருக்கு ஒரு நாடகம் கிடைத்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிபரவியலாளருடன் உட்கார்ந்து, இறந்தவர்களை எண்ணத் தொடங்கினார். மாதம் மாதமாக, காரணம் காரணமாக. அந்தப் போரில் இறந்த பிரித்தானியப் படையினர் ஏறக்குறைய 21,000 பேர். அவர்களில் 16,000க்கு மேற்பட்டோர் நோயால் இறந்தவர்கள். எண்கள் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பாருங்கள். நெரிசலும் அழுக்கு நீரும் அடைபட்ட காற்றும் ஆட்களைக் கொன்றன. அந்த நெரிசலும் நீரும் காற்றும் அவர் விளக்குடன் நடந்த அதே விடுதிகளில் இருந்தன. தாம் காப்பாற்றுவதாக நம்பிய இடத்தில், தடுக்கக்கூடிய மரணங்கள் தம் கண்முன்னே நடந்திருக்கின்றன. 1857இல் அவர் உடைந்து படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எழுதுவோர் உளர். கிரைமியாவில் தொற்றிய காய்ச்சலின் நாட்பட்ட விளைவு, புறூசெல்லா நோயாக இருக்கலாம் என்பது மருத்துவர் சிலரின் கருத்து. இரண்டும் சேர்ந்திருக்கக்கூடாது என்றும் இல்லை.

இங்கே என் கதையொன்றைச் சொல்ல வேண்டும். உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். ஓரிரவு நாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு நான் எழுதிய ஊசிமருந்தில் தசமப்புள்ளி இடம் மாறிவிட்டது. பத்து மடங்கு. இரண்டு மணிக்கு மிஸி வந்து என்னை எழுப்பினார். ஓய்வுபெற ஓரிரு வருடம் இருந்த, அதிகம் பேசாத ஒருவர். மருந்தை ஏற்றவில்லை, பிள்ளை நித்திரை, ஒன்றும் நடக்கவில்லை. பீ.எச்.ரீ. என்று நாம் சொல்லும் கட்டில் தலைமாட்டு ஏட்டை என் முன் வைத்தார். நான் பேனையை எடுத்து, எழுதியதன் மேலேயே புள்ளியைத் திருத்தப் போனேன். ஒருவருக்கும் தெரியவராது. அவர் தம் விரலை அந்த வரியின் மேல் வைத்தார். ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியான அளவை எழுதி, கையெழுத்தும் நேரமும் வைக்கும்படி சொன்னார். பின்பு அதே ஏட்டின் முன்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைத் தாம் பதினொன்றரைக்குக் கொடுத்ததாக, காரணத்தோடு, தம் கையால் எழுதியிருந்தார். அதுவும் ஒருவருக்கும் தெரியவராத ஒன்றுதான். எனக்கு அப்போது அவர்மீது கோபம். நன்றி வர நாளாயிற்று. அம்மையாரின் 1857ஆம் ஆண்டை வாசித்தபோது அந்த விரல் என் கண்முன் வந்தது.

படுக்கையில் விழுந்தவர் அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார். உலகத்துக்குப் பயன்பட்ட வேலையின் பெரும்பகுதியும் அங்கேதான் நடந்தது. இராணுவச் சுகாதாரம் பற்றிய அரச ஆணைக்குழுவில் பெண் என்பதால் உட்கார முடியாது. எழுத்தில் சாட்சியம் கொடுத்தார், கேள்விகளையும் திரைக்குப் பின்னால் தயாரித்தார். 1858இல் தம் நீண்ட அறிக்கையைத் தாமே அச்சிட்டு, செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பினார். எண்களைப் பார்க்கச் சோம்பற்படும் அமைச்சர்களுக்காக வட்டமாக, இதழ் இதழாக விரியும் ஒரு வரைபடத்தை வரைந்தார்: நீலம், தடுக்கக்கூடிய நோய்ச் சாவு, சிவப்பு, காயத்தால், கறுப்பு, ஏனையவை. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நிற்கும். தம் வைத்தியசாலையின் மிக மோசமான மாதங்களையே உலகம் பார்க்கும்படி விரித்து வைத்தார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார். கணிதம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அங்குள்ள படைமுகாம்களுக்கெல்லாம் கேள்விக்கொத்து அனுப்பி, திரும்பிவந்த கட்டுக்கட்டான விடைகளைப் படித்து, பிரித்தானியச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதைக் காட்டினார். 1873இல் அது 18ஆகக் குறைந்துவிட்டதென எழுத முடிந்தது. பிறகு அவருடைய கவனம் முகாம்களைத் தாண்டி, இந்தியக் கிராமங்களின் நீருக்கும் பஞ்சத்துக்கும் போயிற்று.

போர்க்காலத்தில் மக்கள் அவர் பெயரால் சேர்த்த நிதி ஏறக்குறைய 44,000 பவுண். அதைக்கொண்டு 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கிற்று. தாதியம் பற்றி அவர் எழுதிய சிறு நூலும் அக்காலத்ததே. அதில் ஒரு கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. பொறுப்பிலிருப்பவர் தாம் நிற்கும்போது நன்றாகச் செய்வது பெரிதல்ல; தாம் இல்லாத வேளையிலும் அது நடக்கும்படி ஒழுங்கு செய்திருக்கிறாரா என்பதே கேள்வி என்கிறார். தன்னைத் தவிர வேறொருவராலும் முடியாது என்று சொல்லித் திரியும் பொறுப்பாளர்களை அவர் மெச்சுவதில்லை. இதை வாசித்த அன்று என் விடுமுறைக்கால ஒழுங்குகளை ஒருதடவை திரும்பப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பாடசாலை அவர் பெயரால் உலகப் புகழ் பெற்றது. சிட்னிக்கும் பிற நகரங்களுக்கும் அங்கிருந்து தாதியர் போனார்கள். ஆனால் பத்தாண்டுக்குப் பின் உள்ளே பார்த்தபோது, விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை, மாணவியர் பயிலுநர் என்பதைவிட மலிவான வேலையாட்களாகவே பயன்படுத்தப்படுகிறார்கள் என்று கண்டார். புகழை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். 1872 முதல் மாணவியரைத் தாமே ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். அவர்களுடைய நாட்குறிப்புகளை வாசித்தார். விடுதியில் அவர்களுக்குப் படிப்பிக்கத் தனியே ஒரு சகோதரியை வைத்தார். அவர்களுக்கு மடல் எழுதும் வழக்கத்தையும் தொடங்கி, 1900 வரை தொடர்ந்தார்.

தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவரவில்லை. தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யும் முயற்சியை அவர் கடைசிவரை எதிர்த்தார். குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். அது சரிதான், ஆனால் பதிவில்லாமல் ஒரு தொழிலுக்குக் காப்பும் இல்லை. அந்தச் சட்டம் இங்கிலாந்தில் அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1919இல்தான் வந்தது. நோய்க்கிருமி பற்றிய புதிய விளக்கத்தையும் நெடுங்காலம் ஏற்காதிருந்து பிற்காலத்தில் மாற்றிக்கொண்டார். பெண்கள் வைத்தியராவதிலும் அவருக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. அமெரிக்காவில் முதன்முதல் வைத்தியப் பட்டம் பெற்ற பெண்ணான எலிசபெத் பிளாக்வெல் அவருடைய தோழி. அவருடனும் இதில் கருத்து வேறுபாடு. நான் அவர் முன் போய் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

மேரி சீக்கோலையும் இங்கே விட்டுவிட முடியாது. யமெய்க்காவில் பிறந்த கலப்பினப் பெண். கிரைமியாவுக்குப் போகும் தாதியருடன் சேர விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. சொந்தச் செலவில் போய், பலக்லாவாவுக்கு அருகில் தகரமும் பலகையுமாக ஒரு விடுதி கட்டிச் சிப்பாய்களைப் பார்த்தார். அமைச்சர் நண்பர் இல்லை, நிதி இல்லை, தந்தையின் மாளிகை இல்லை. தன்னைத் தானே நடத்துதல் என்றால் அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் நாடகம் போடவில்லை.

நாடகம் போடாததைப்போல் இன்னொன்றும் எங்களிடம் உண்டு. கல்லூரி மலர்களில் மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் தெரிவான மாணவியரின் பெயர்ப்பட்டியல் வரும். என் பெயரும் ஒரு வருடம் வந்தது. தாதியர் கல்லூரிக்குப் போனவர்களின் பட்டியலை நான் எந்த மலரிலும் கண்டதில்லை. அன்று பாயில் சிப்பாயாகக் கிடந்த பன்னிருவரில் மூவர் பிற்காலத்தில் தாதியரானார்கள். ஒருத்தி வெளிநாடொன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பொறுப்பெடுத்து நடத்துகிறாள். ஒருத்தி இங்கேயே, பேருந்து குறைவான ஓரூரில், தாய்மார் விடுதியில் நிற்கிறாள். மற்றவளும் நானும் ஒரே வைத்தியசாலையில் சில காலம் வேலை செய்தோம். மற்றவர்கள் முன் என்னை டொக்டர் என்பாள், தனியே அகப்பட்டால் பழைய பட்டப்பெயர்தான். நூறாண்டு மலர் வெளிவரும் இவ்வேளையில் அந்தப் பட்டியலைத் தொடங்கலாமே என்று சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

அம்மையாருக்கு 1907இல் மன்னர் ஓடர் ஒஃப் மெரிற் விருதை வழங்கினார். பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதற்தடவை. கண்பார்வை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. 1910 ஓகஸ்ற் 13ஆந் திகதி, தொண்ணூறாவது வயதில், நித்திரையில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. அவருடைய விருப்பத்தை அறிந்த குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அவர் விடியுமுன் எழுந்து படித்த வீட்டுக்கு அண்மையிலுள்ள கிழக்கு வெல்லோ கிராமத்துத் தேவாலய முற்றத்தில், பெற்றோரின் கல்லறையில் அடக்கம் நடந்தது. இராணுவச் சார்ஜன்ற்மார் அறுவர் பெட்டியைச் சுமந்தார்கள். கல்லில் அவருடைய பெயர் இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் இருக்கின்றன.